வேரியேட்டர் கவரைக் கழற்றப் போகிற பிள்ளைகளுக்கு

திருவனந்தபுரம் கரமனைப் பக்கம் ஸ்கூட்டர் பட்டறை வைத்திருப்பவனிடம் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை, "வண்டிக்கு வலிவு போரா, சேட்டா" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விடும். இன்னொரு வகை இருபது வயசுப் பிள்ளைகள். கையில் ஆன்லைனில் வாங்கிய டப்பா. அதற்குள் ஆறு ஸ்லைடர், பெயிண்ட் அடித்த ஒரு ஸ்பிரிங். முகத்தில் கல்யாணக் களை. "இதைப் போட்டால் டாப் ஸ்பீடு எவ்வளவு கூடும், அண்ணாச்சி?" என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பிள்ளைகளுக்கும், என்னிடம் தொழில் பழக நிற்கிற பையன்களுக்கும் சேர்த்து இதை எழுதி வைக்கிறேன். நான் நாஞ்சில் நாட்டுக்காரன். மக்களே என்றுதான் கூப்பிட வரும்.

1. பார்ட்ஸ் வாங்கும் முன் உள்ளே என்ன ஓடுகிறது என்று படியுங்கள். இடது பக்கக் கவருக்குள் முன்னால் ஒரு புல்லி, பின்னால் ஒரு புல்லி, இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட். முன்னால் இருப்பது வேரியேட்டர். அதன் முதுகில் குழிகள், குழிக்கு ஒரு ரோலர். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் ஆறு. இன்ஜின் வேகம் பிடிக்கப் பிடிக்க ரோலர்கள் வெளிப்பக்கமாக ஏறும். ஏறும்போது புல்லியின் ஒரு தட்டை மற்றதோடு நெருக்கும். இடைவெளி குறுகினால் பெல்ட் மேலே ஏறியே தீர வேண்டும். பெல்ட்டின் நீளம் மாறாது என்பதால், முன்னால் அது ஏறிய அளவுக்குப் பின் புல்லி விரிந்து கொடுக்க வேண்டும். அதை விரியவிடாமல் தள்ளிக்கொண்டிருப்பதுதான் கான்ட்ரா ஸ்பிரிங். ரோலர் தள்ளுகிறது, ஸ்பிரிங் மறுக்கிறது. இந்த இழுபறியில்தான் வண்டி எந்தக் 'கியரில்' ஓடுகிறது என்பது முடிவாகிறது. பின் புல்லியில் சாய்ந்த பள்ளங்களும் அவற்றுக்குள் சின்ன பின்களும் இருக்கும். ஏற்றத்தில் பாரம் கூடும்போது அவை புல்லியைத் திருகி மூடி, பெல்ட்டைத் தாழ்ந்த கியருக்கு இழுத்து வரும். நீங்கள் எதுவும் செய்யாமலே வண்டி 'கியர் குறைத்துக்கொள்வது' இப்படித்தான்.

இந்த ஏற்பாட்டை 1958இல் ஹாலந்தின் டாஃப் கம்பெனி ஒரு சின்னக் காரில் போட்டு விற்றது. நம் நாட்டில் ஊரெங்கும் பரப்பியது 1984இல் வந்த கைனெட்டிக் ஹோண்டா. அதற்கும் முன்பே, 1960களில், இந்தத் திருவனந்தபுரத்திலேயே அட்லாண்டா என்று கியர் இல்லாத ஸ்கூட்டர் செய்து விற்றார்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும் இந்தத் தொழிலுக்கு நம் ஊர் புதிதல்ல.

2. வேரியேட்டர் செட்டு எதுவும் குதிரைத்திறனைக் கூட்டாது. ஆக்டிவா 6ஜியின் இன்ஜின் 109.51 சிசி, சுமார் 7.8 குதிரைத்திறன். இத்தாலியின் மலோசி போட்டாலும் தைவானின் டாக்டர் புல்லி போட்டாலும் அது 7.8தான். அந்தத் திறனை எந்த ஆர்.பி.எம்மில் நின்று செலவழிப்பது என்பதை மட்டும்தான் நீங்கள் மாற்றுகிறீர்கள். பிக்கப் வேண்டுமென்றால் பெட்ரோலும் சத்தமும் கூடும். மைலேஜ் வேண்டுமென்றால் ஏற்றத்தில் இழுவை குறையும். இரண்டும் சேர்ந்து கூடும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்தால் அந்த டப்பாவை வாங்காதீர்கள்.

3. முதல் அப்கிரேடு ஒரிஜினல் பார்ட்ஸ். இதைச் சொன்னால் பிள்ளைகள் முகம் வாடிவிடும், ஆனாலும் சொல்கிறேன். முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ரோலர்கள் உருளையாகவே இருக்காது. ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகி, பாதை ஏறாமல் நடுவில் சிக்கி நிற்கும். பெல்ட்டின் அகலம் தேய்ந்து, அடியில் பொடிப்பொடியாக விரிசல் விழுந்திருக்கும். அகலம் குறைந்த பெல்ட் முன் புல்லியில் போதுமான உயரம் ஏறாது, அதனால் டாப் ஸ்பீடு தானாகக் குறையும். "வண்டிக்கு இழுவை இல்லை" என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புது ஒரிஜினல் பெல்ட், ஒரு செட்டு ரோலர், ஸ்லைடு பீஸ், சுத்தம் செய்த கிளட்ச், இவை போதும். பெல்ட்டை வெர்னியரால் அளந்து, கையேட்டில் போட்டிருக்கும் எல்லையோடு ஒப்பிடுங்கள். கண்ணால் பார்த்து "இன்னும் ஓடும்" என்று சொல்லாதீர்கள். தேய்ந்த பெல்ட்டின் மேல் ரோலருக்குப் பதிலாகப் புதிய ஸ்லைடர் போட்டு ஓட்டிவிட்டு "என்ன வித்தியாசம்!" என்று வியப்பவர் வியப்பது ஸ்லைடரை அல்ல, பழைய ரோலர் போனதை.

4. ரோலர் எடையைக் கணக்குப் போட்டுக் குறையுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மறக்காதீர்கள். ரோலர் தள்ளும் விசை அதன் எடையோடு நேராகவும், சுழலும் வேகத்தின் வர்க்கத்தோடும் கூடும். ஆகவே எடையைப் பத்து சதவீதம் குறைத்தால், அதே விசைக்கு இன்ஜின் ஏறக்குறைய ஐந்து சதவீதம் கூடுதலாகச் சுற்ற வேண்டும். முழு ஆக்சிலேட்டரில் 6,000இல் நின்று இழுத்த வண்டி இப்போது 6,300இல் நின்று இழுக்கும். உதாரணத்துக்கு 12 கிராம் ரோலரை 11 கிராம் ஆக்கினால் குறைவது எட்டு சதவீதம், ஆர்.பி.எம். கூடுவது நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான். ஒரேயடியாக 12இலிருந்து 8க்குப் போனால் வண்டி கத்தும், நகராது. மிக லேசான ரோலருக்குப் பெல்ட்டை உச்சிவரை தள்ளும் தெம்பு இருக்காது. கடைசிக் கியர் என்பதே கிடைக்காமல் போகும்.

எவ்வளவு குறைப்பது? உங்கள் இன்ஜின் அதிகபட்சத் திறனை எந்த ஆர்.பி.எம்மில் தருகிறது என்று கையேட்டில் இருக்கும். ரோலரை லேசாக்கி அந்த இடத்தை நெருங்கலாம், தாண்டக்கூடாது. தாண்டிய பின் சத்தம் மட்டுமே மிச்சம். நம் ஊர் மேடும் பள்ளமுமான ஊர். பார்ட்டன் ஹில் ஏற்றத்தில் இரண்டு பேரோடு தினமும் ஏறுகிறவருக்கு ஐந்து முதல் பத்து சதவீதம் லேசான ரோலர் நல்லது. கழக்கூட்டம்–கோவளம் பைபாஸில் டெக்னோபார்க் வரை தனியாகப் போய் வருகிறவர் கம்பெனி கொடுத்த எடையைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அரை கிராம் தேவைப்பட்டால் மூன்று ஒரு எடை, மூன்று வேறு எடை என்று கலக்கலாம்; ஆனால் ஒன்றுவிட்டு ஒன்றாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு வரும். டப்பாவில் அச்சிட்ட எடையை நம்பாதீர்கள். சாலை பஜாரில் நகைக்கடைகளுக்குப் பஞ்சமில்லை. கொஞ்சம் சிரித்துக் கேட்டால் பொன் நிறுக்கும் தராசில் ஆறையும் நிறுத்துத் தருவார்கள். டூப்ளிகேட் செட்டில் ஒரு ரோலருக்கும் அடுத்ததற்கும் எடை வேறுபடுவதை அங்கே கண்ணாலேயே பார்க்கலாம்.

5. ஸ்லைடருக்குத் திசை உண்டு. ரோலர் உருள்கிறது, ஸ்லைடர் சறுக்குகிறது. தட்டையான முகம் இருப்பதால் ரோலர் போல ஒரு பக்கமாகக் குழி விழுந்து தேய்வதில்லை, பெல்ட்டையும் கொஞ்சம் கூடுதலாக ஏற்றித் தரும். நல்ல சரக்குதான். ஆனால் வேரியேட்டர் சுழலும் திசை பார்த்து மாட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் சிக்கிக்கொள்ளும். கூட வரும் தாளில் படம் இருக்கிறது. அந்தத் தாளைத்தான் பிள்ளைகள் முதலில் கீழே போடுகிறார்கள்.

6. கடினமான கான்ட்ரா ஸ்பிரிங்கைப் பார்த்து மயங்காதீர்கள். அது பெல்ட்டை இறுகப் பிடிக்கும், ஏற்றத்தில் சீக்கிரம் தாழ்ந்த கியருக்கு வரும் என்பதெல்லாம் உண்மை. அதற்கு விலை சூடு. சூடு கூடினால் பெல்ட்டின் ஆயுள் குறையும். பெரிய சிசி போட்டவர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் செய்தது அது. கம்பெனி இன்ஜினில் லேசான ரோலரும் கடினமான ஸ்பிரிங்கும் சேர்த்துப் போட்டால், தள்ளுகிறவன் மெலிந்து மறுக்கிறவன் பலத்துவிடுகிறான். வண்டி நாற்பதிலேயே வீறிட்டுக் கத்திக்கொண்டு நிற்கும். என் தீர்ப்பு: கம்பெனி இன்ஜினுக்குக் கம்பெனி ஸ்பிரிங். பழசு தளர்ந்திருந்தால் அதே அளவில் புதியது.

7. கிளட்ச் ஸ்பிரிங்கும் அப்படியே. கடினமானதைப் போட்டால் கிளட்ச் தாமதமாகப் பிடிக்கும். சிக்னலில் சீறிக் கிளம்பலாம். ஆற்றுகால் பொங்கல் நாளில் கிழக்கேகோட்டை நெரிசலில் அதே வண்டியை அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பாருங்கள், கிளட்ச் ஷூ கருகும் வாடை வரும். கிளம்பும்போது நடுங்குகிற வண்டிக்குப் புது கிளட்ச் விற்காதீர்கள். முதலில் கிளட்ச் பெல்லின் உட்புறத்தையும் ஷூவையும் எமரி தாளால் தேய்த்து வழவழப்பை எடுத்துப் பாருங்கள். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஏர் அடித்துக் கடையெல்லாம் பரப்பாதீர்கள். முகத்தில் துணி கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடையுங்கள். என் வயசில் இருமுகிற மெக்கானிக்குகள் இந்த ஊரில் நிறையப் பேர்.

8. மாட்டுவதில்தான் வண்டி பிழைப்பதும் சாவதும். பார்ட்ஸ் எதுவானாலும் கெடுப்பது கைதான், மக்களே. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வேரியேட்டர் நட்டைக் கழற்ற, விசிறி இதழ்களுக்கு நடுவே ஸ்குரூடிரைவரைச் செருகிப் பிடிக்கிற பழக்கம் உண்டு. இதழ் உடைந்தால் கவருக்குள் காற்றோட்டம் போச்சு. அதற்கென்று ஹோல்டர் இருக்கிறது, வாங்குங்கள்.

பின் கிளட்சின் பெரிய நட்டைக் கழற்றும்போது கான்ட்ரா ஸ்பிரிங் முழு அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸர் போட்டு அமுக்காமல் நட்டை விட்டால் அத்தனையும் முகத்துக்கு வரும்.

பெல்ட் ஓடும் நான்கு முகங்களிலும் கிரீஸ், எண்ணெய், விரல் ரேகை எதுவும் கூடாது. பின் புல்லியின் பின்களுக்குக் கிரீஸ் உண்டு, அளவோடு. ஓ-ரிங் பழசானால் அந்தக் கிரீஸ் கசிந்து பெல்ட்டில் ஏறும், எனவே பத்து ரூபாய் ஓ-ரிங்குக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் அது ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

இனி, மாட்டும் வேலையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது. முன் நட்டை இறுக்கும்போது பெல்ட் இரண்டு தட்டுகளுக்கு நடுவே சிக்கியிருக்கக் கூடாது. பின் புல்லியைக் கையால் விரித்துப் பெல்ட்டை அங்கே ஆழமாக இறக்குங்கள். அப்போதுதான் முன்னால் அது தளர்வாகத் தொங்கும். பிறகு வெளித் தட்டை மாட்டி, ஷாஃப்டின் பற்களில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, நட்டைக் கையால் சுற்றிவிட்டு, டார்க் ரெஞ்ச்சால் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். பெல்ட் சிக்கிய நிலையில் இறுக்கினால் நட்டு இறுகியது போலத் தோன்றும்; வண்டி நகர்ந்ததும் பெல்ட் இடம் மாறும், நட்டு லூஸாகும், தட்டு ஆடி ஆடிக் கிராங்கின் பற்களைத் தின்றுவிடும். சில நூறு ரூபாய் ரோலர் மாற்றப் போய்க் கிராங்க் மாற்றிய கதைகள் எல்லாம் இந்த ஒரு காரணத்தில்தான் முடிகின்றன. ஏர் கன்னால் கழற்றலாம், அதைக் கொண்டு இறுக்காதீர்கள்.

9. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். ரோலர் மாற்றினால் ரோலர் மட்டும். ஒரு வாரம் ஓட்டிய பிறகு அடுத்தது. ஒரே பாதை, ஒரே ஆள், அதே டயர் காற்று. பெட்ரோலையும் எழுதி வையுங்கள். பெல்ட் உச்சிவரை ஏறுகிறதா என்று பார்க்க எளிய வழி: முன் தட்டின் முகத்தில் நடுவிலிருந்து விளிம்புவரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கவரை மூடி, ஓட்டிவிட்டு வந்து திறந்து பாருங்கள். பெல்ட் தொட்ட இடம்வரை கோடு அழிந்திருக்கும். விளிம்புக்கு அருகே அழிந்திருந்தால் சரி. பாதியிலேயே நின்றிருந்தால் ரோலர் மிக லேசு அல்லது ஸ்பிரிங் மிகக் கடினம். இதற்கு டாப் ஸ்பீடு பார்க்கத் தேவையே இல்லை. பைபாஸில் நூறு தொட்டுக் காட்டுகிற பிள்ளைகளைவிட இந்தக் கோடு உண்மை பேசும்.

10. ஏறுவதற்கு மட்டும் வண்டியைத் தயார் செய்யாதீர்கள். பொன்முடி சுமார் 1,100 மீட்டர் உயரம். கல்லாறு தாண்டினால் 22 கொண்டை ஊசி வளைவுகள். லேசான ரோலர் போட்ட வண்டி அங்கே சுகமாக ஏறும். இறக்கம் வேறு கதை. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு மெதுவாக இறங்கினால், வேகம் குறைந்து ஒரு கட்டத்தில் சென்ட்ரிபியூகல் கிளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, வெறும் பிரேக்தான். டிரம் பிரேக் தொடர்ந்து பிடித்தால் சூடேறி வழுக்கும். கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்ச்சை மறுபடி பிடிக்க வைத்து, இன்ஜினை இழுக்கவிட்டு இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிரேக் ஷூவும் டயரும் பழசாக இருக்கிற வண்டிக்கு வேரியேட்டர் வேலை செய்து கொடுக்கவே கூடாது. காசு முன்னால் வைத்தாலும் கூடாது.

11. மழை. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, துலாவர்ஷம் என்கிற வடகிழக்குப் பருவமழை, இரண்டும் நமக்கு உண்டு. தம்பானூரில் தண்ணீர் நிற்பதைத் தீர்க்க 2015இல் ஆபரேஷன் அனந்தா என்று ஓடை ஓடையாகத் தோண்டினார்கள். இப்போதும் பெரிய மழைக்கு நகரத்தின் தாழ்ந்த தெருக்களில் முழங்கால் தண்ணீர். கவருக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும், இன்ஜின் கத்தும், வண்டி நகராது. ஆக்சிலேட்டரைத் திருகாதீர்கள், நிறுத்தித் திறந்து காய விடுங்கள். 'ரேஸ் லுக்' என்று கவரில் ஓட்டை போடுவது இந்த ஊருக்கு ஆகாத காரியம். சங்குமுகம், வலியதுறைப் பக்கத்து வண்டிகளுக்கு உப்புக் காற்று வேறு. புல்லியின் முகத்தில் துரு பிடித்தால் அது பெல்ட்டை அரம் போட்டதுபோல் ராவிவிடும். அந்த வண்டிகளை வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பாருங்கள்.

12. சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ என்று சேர்த்தார்கள். 2022இல் மோட்டார் வாகனத் துறை ஆபரேஷன் ரேஸ் என்று, ரோட்டில் பந்தயம் விடுகிற பிள்ளைகளைத் தேடித் தேடிப் பிடித்தது. ரோலரின் எடை ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லை, சிசி எழுதப்படுகிறது. ஆகவே "கூடவே சிலிண்டரையும் பெரிசாக்கித் தாருங்கள்" என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். சத்தம் போடும் சைலன்ஸரும் வேண்டாம். வாரன்டி உள்ள வண்டியைத் திறக்கும் முன், வாரன்டி போகலாம் என்பதை வாய்விட்டுச் சொல்லி, உரிமையாளர் தலையாட்டிய பிறகே ஸ்பேனரை எடுங்கள்.

13. கியர் ஆயிலை மறக்காதீர்கள். பின் சக்கரத்துப் பற்சக்கரப் பெட்டிக்குள் இருப்பது நூறு மில்லி சொச்சம்தான். அதை மாற்றாமலே வருஷக்கணக்கில் ஓடுகிற வண்டிகள் இந்த ஊரில் நிறைய. ஸ்லைடருக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர் இதற்கு ஒரு சின்ன பாட்டில் வாங்கட்டும்.

14. கழற்றிய பழைய பார்ட்ஸைக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பையில் போட்டு உரிமையாளரிடமே கொடுங்கள், நாளைக்கே அவர் பழையபடி மாற்றச் சொல்லலாம். ரோலரின் எடை, ஸ்பிரிங்கின் நிறம், கிலோமீட்டர், தேதி நான்கையும் ஒரு தாளில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை வேரியேட்டர் கவரைத் திறப்பது பாறசாலையிலோ ஆற்றிங்கலிலோ உள்ள வேறொரு மெக்கானிக்காக இருக்கலாம். அவருக்கு அந்தத் தாள் வேண்டும்.